தேய்ந்த செப்புக்காசு யாருடையது? பழைய ஐரோப்பிய நாணயத்தை அடையாளம் காண முழுமையான வழிகாட்டி

நாகப்பட்டினத்தில் என் அத்தையின் வெற்றிலைப் பெட்டியில், பாக்குவெட்டிக்கு அடியில் ஒரு செப்புக்காசு கிடந்தது. ஒரு பக்கம் ஏறக்குறைய வழவழவென்று இருந்தது. மறுபக்கத்தில் மேடாக ஏதோ ஒன்று. கிரீடமா பூவா என்று தெரியவில்லை. "உங்க தாத்தா காலத்துத் துட்டுடா, வேணும்னா எடுத்துக்கோ" என்று கையில் வைத்தார். அது எந்த நாட்டுக் காசு என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. அதில் இரண்டு வாரம் தவறான பாதையில் போனது. காரணம் ஒன்றுதான்: எடுத்த எடுப்பிலேயே எழுத்தைப் படிக்கப் பார்த்தேன்.

தேய்ந்த காசில் எழுத்து கடைசியில்தான் வர வேண்டும். நூறு எழுத்தில் நான்கு மிஞ்சியிருந்தால், மனம் மீதியைத் தானே நிரப்பிக்கொள்ளும். நான் ஆங்கில 'வி' (V) போன்ற ஒரு கோட்டைப் பார்த்தேன். பிரிட்டிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியின் இதய வடிவ முத்திரையிலும் 'வி' உண்டு என்பது நினைவுக்கு வந்தது. அதன் பிறகு அந்த இதயமே என் கண்ணில் பட்டது, காசில் இல்லாதபோதும். ஆகவே இந்த வழிகாட்டியின் வரிசை இதுதான்: முதலில் அளவு, பிறகு உலோகம், விளிம்பு, ஒளி, சின்னம், அப்புறம்தான் எழுத்தும் ஆண்டும். வரிசையை மாற்றாமல் போனால், பாதிக்கு மேல் தேய்ந்த காசும் பெரும்பாலும் தன் ஊரைச் சொல்லிவிடும்.

முதல் படி: கழுவாதீர்கள்

நம் வீடுகளில் செம்பு என்றாலே கை புளியைத் தேடும். எலுமிச்சை, விபூதி, பித்தளை பாலீஷ் எதுவும் வேண்டாம். பழைய செம்பின் மேல் படிந்திருக்கும் பழுப்புப் படலம் அழுக்கு இல்லை. அது உலோகத்தின் தோல். தேய்ந்த காசில் எழுத்து மேடாக இல்லாமல் போன பிறகும், எழுத்து இருந்த இடத்துக்கும் சுற்றியுள்ள தளத்துக்கும் இடையே நிற வேறுபாடு மட்டும் மிஞ்சியிருக்கும். புளி அந்தக் கடைசித் தடயத்தை ஒரு நிமிடத்தில் அழித்துவிடும். பளபளப்பான, வாய் பேசாத ஒரு செப்பு வட்டு மட்டும் கையில் இருக்கும்.

மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, தண்ணீரை மாற்றி, மூங்கில் பல்குச்சியின் மழுங்கிய முனையால் மெல்லத் தள்ளிவிடலாம். பசை, எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அசிட்டோன் போதும். அது உலோகத்தைத் தொடாது. வெளிர்பச்சை நிறத்தில் மாவு போல உதிரும் புள்ளிகள் தெரிந்தால் கவனம். அது உப்பினால் வரும் அரிப்பு, உள்ளே தின்றுகொண்டே போகும். அந்தக் காசைத் தனியே, ஈரமில்லாத டப்பாவில் வையுங்கள்.

இரண்டாம் படி: அளந்து எழுதுங்கள்

டிஜிட்டல் வெர்னியர் காலிப்பர் ஒன்று, 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு ஒன்று. இரண்டும் விலை அதிகமில்லை. தராசு இல்லையென்றால் தெரிந்த நகைக்கடையில் கேட்டால் எடை போட்டுத் தருவார்கள். காலிப்பரின் இரும்பு வாய் காசைக் கீறாமல் மெதுவாகப் பிடியுங்கள். விட்டத்தை மூன்று திசையில் அளந்து மூன்றையும் எழுதுங்கள். மூன்றும் ஒன்றாக இருந்தால் எந்திரத்தில் அடித்த காசாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒன்றுக்கொன்று ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் கையால் அடித்ததாகவோ ஓரம் வெட்டப்பட்டதாகவோ இருக்கலாம்.

தேய்மானம் எடையைத் தின்னும், விட்டத்தை அவ்வளவாகத் தொடாது. நன்றாகத் தேய்ந்த செப்புக்காசு பத்தில் ஒரு பங்கு எடையை இழந்திருப்பது சாதாரணம்; அதற்கு மேலும் போகும். எனவே காசுகளின் அளவும் எடையும் தரும் நாணயப் பட்டியலில் தேடும்போது விட்டத்தை நம்புங்கள், உங்கள் காசின் எடையை "அசல் எடை இதற்குக் குறையாது" என்ற எல்லையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பட்டியல் 3 கிராம் என்று சொல்லி உங்கள் காசு 2.6 கிராம் இருந்தால் பொருந்துகிறது. உங்கள் காசு 3.6 கிராம் இருந்தால் பொருந்தவில்லை. தேய்ந்த காசு கனம் கூடாது.

சில காசுகளை அளவே காட்டிக்கொடுத்துவிடும். 36 மி.மீ. விட்டம், 28 கிராம் அளவு எடை, அகலமான தடித்த விளிம்பு என்றால் 1797-இல் பர்மிங்காம் சோஹோவில் மேத்யூ போல்டன் நீராவி எந்திரத்தில் அடித்த பிரிட்டிஷ் பென்னி. அந்தப் பென்னி சரியாக ஒரு அவுன்ஸ். அதன் இரண்டு பென்னி காசு 41 மி.மீ., இரண்டு அவுன்ஸ். வண்டிச் சக்கரம் என்றே அதற்குப் பெயர். அதே அகலத்தில் 50 கிராம் அளவுக்குக் கனக்கும் செம்பு கிடைத்தால் ரஷ்யாவின் இரண்டாம் கேத்தரின் காலத்து 5 கோபெக்கை நினையுங்கள்.

ஆனால் அளவு ஏமாற்றும் இடமும் உண்டு. புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். 30 மி.மீ., 10 கிராம் வெண்கலக் காசு என்றால் அது ஒரு நாடு இல்லை, ஒரு பெரிய குடும்பம். பிரான்சில் மூன்றாம் நெப்போலியன் காலத்தில், 1852 முதல், 'ஒரு சென்டிமுக்கு ஒரு கிராம்' (சென்டிம் அவர்களின் சில்லறைக் காசு) என்ற கணக்கில் காசு அடித்தார்கள். 5 சென்டிம் 25 மி.மீ., 5 கிராம். 10 சென்டிம் 30 மி.மீ., 10 கிராம். இதே அளவை லக்சம்பர்க், இத்தாலி, ருமேனியா, செர்பியா, கிரீஸ், ஸ்பெயின் எல்லாம் அடுத்தடுத்து எடுத்துக்கொண்டன. போதாக்குறைக்கு 1860-க்குப் பிந்தைய பிரிட்டிஷ் வெண்கலப் பென்னியும் கிட்டத்தட்ட அங்கேயே நிற்கிறது: 30.8 மி.மீ., 9.4 கிராம். எனவே 30 மி.மீ. வெண்கலம் கையில் வந்தால் அளவை வைத்து முடிவு கட்டாதீர்கள். சிறகு விரித்த கழுகின் நிழல் தெரிந்தால் பிரான்ஸ். நிற்கும் சிங்கம் ஒரு கேடயத்தைப் பிடித்திருந்தால் 1870-இன் ஸ்பெயின். (அந்தச் சிங்கத்தை ஸ்பெயின் மக்கள் நாய் என்றே கண்டார்கள். 10 சென்டிமோவுக்கு 'கொழுத்த நாய்' என்று பெயர் வைத்து, பல தலைமுறை அப்படியே அழைத்தார்கள்.)

என் அத்தையின் காசு: 21.3, 21.2, 21.3 மி.மீ. எடை 2.61 கிராம்.

மூன்றாம் படி: உலோகம்

நிறத்தை மட்டும் பார்த்துச் சொல்லாதீர்கள். செம்பு, வெண்கலம், பித்தளை மூன்றுமே நூறு வருடத்தில் ஒரே பழுப்புக்கு வந்துவிடும். காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் போலி என்று உடனே தூக்கிப் போட வேண்டாம். முதல் உலகப் போரில் செம்பு, நிக்கல் தட்டுப்பாட்டால் ஜெர்மனி 5, 10 ஃபென்னிக் காசுகளை இரும்பில் அடித்தது. மங்கிய சாம்பல் நிறம், கையில் லேசாக இருந்தால் போர்க்காலத் துத்தநாகம். ஆனால் 1700-களின் செப்புக்காசு என்று சொல்லப்படும் ஒன்று காந்தத்தில் ஒட்டினால் அது நினைவுப் பொருள்தான்.

அடர்த்தியை வீட்டிலேயே பார்க்கலாம். தராசின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துச் சுழியாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுவதும் முங்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலோ பக்கத்திலோ படக் கூடாது. இப்போது தராசு காட்டும் எண் காசின் கன அளவு, மில்லிலிட்டரில். காய்ந்த எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி. செம்பு 8.96, வெள்ளி 10.5, ஈயம் 11.3, துத்தநாகம் 7.1. என் காசுக்கு 0.30 வந்தது, 2.61-ஐ 0.30-ஆல் வகுத்தால் 8.7. இவ்வளவு சின்னக் காசில் தராசின் கடைசி இலக்கம் ஒன்று பிசகினாலே மூன்று சதவீதம் ஆடும், ஆகவே 8.7 என்பது செம்புதான் என்று எடுத்துக்கொள்ளலாம். பெரிய காசுகளில் இந்த முறை அருமையாக வேலை செய்யும். வெள்ளி முலாம் பூசிய செம்பை ஒரு நொடியில் காட்டிக்கொடுக்கும்.

நான்காம் படி: விளிம்பும் திருப்பமும்

விளிம்பைத் தனியாகப் பாருங்கள். புழக்கத்தில் முகம் தேய்ந்தாலும் விளிம்பின் பள்ளங்கள் தங்கிவிடுவது உண்டு. வழவழப்பா, நேர்க்கோடா, சாய்ந்த கோடா, எழுத்தா? 18-ஆம் நூற்றாண்டுச் சின்னச் செப்புக்காசுகளில் பெரும்பாலானவை வெறும் விளிம்பு. பெரிய வெள்ளிக்காசில் எழுத்தோ இலை வேலைப்பாடோ இருக்கும். ஓரத்தைச் சுரண்டித் திருடுவதைத் தடுக்கச் செய்தது அது.

அடுத்து, காசை மேசையில் தட்டையாக வையுங்கள். ஆடுகிறதா? லேசாக வளைந்து, கொஞ்சம் முட்டை வடிவமாக இருந்தால் உருளைகளுக்கு இடையே தகட்டைச் செலுத்தி அழுத்திய காசாக இருக்கலாம். ஆஸ்திரியாவின் ஹால் நகரத்திலும், 16-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஸ்பெயினின் செகோவியாவிலும் அப்படித்தான் அடித்தார்கள்.

மூன்றாவது, திருப்பம். ஒரு முகத்தை நேராகப் பிடித்துக்கொண்டு, காசைப் பக்கவாட்டில் புத்தகத் தாளைப் போலத் திருப்புங்கள். பின்பக்கம் நேராக நின்றால் ஒரு முறை. தலைகீழாக நின்றால் இன்னொரு முறை. பழைய பிரெஞ்சுக் காசுகளில் தலைகீழ் முறைதான் வழக்கம். கன்னாபின்னா கோணத்தில் நின்றால் அச்சைக் கையால் பிடித்து அடித்த காலமாகவோ, அச்சுகளைக் கவனமில்லாமல் பொருத்திய அக்கசாலையாகவோ (காசு அடிக்கும் இடம்) இருக்கலாம்.

ஐந்தாம் படி: விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. அறையை இருட்டாக்குங்கள். காசைக் கறுப்புத் துணியில் வைத்து, டார்ச்சை மேசையோடு மேசையாக, ஏறக்குறைய படுக்கையாகப் பிடியுங்கள். ஒளி பக்கத்திலிருந்து வழுக்கிப் போகும்போது, விரலுக்குக்கூடத் தெரியாத மேட்டுக்கும் நிழல் விழும். சாயங்கால வெயிலில் வயல் வரப்பு தெரிவது போல.

டார்ச்சை அசைக்காமல் காசை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றுங்கள். எட்டுத் திசையில் எட்டுப் படம், இரு பக்கத்துக்கும் பதினாறு. கைபேசியே போதும், கை நடுங்காமல் இருக்க இரண்டு புத்தகங்களுக்கு நடுவே குறுக்காக வைத்துவிட்டு எடுங்கள். பிறகு படங்களைக் கறுப்பு வெள்ளையாக்கிக் கூர்மையைக் கூட்டிப் பாருங்கள். ஒரு கோடு மூன்று திசை வெளிச்சத்திலாவது தெரிந்தால்தான் அது கோடு. ஒரே படத்தில் மட்டும் தெரிவது கீறல், அல்லது உங்கள் ஆசை.

இன்னொரு பழைய வழி, மெல்லிய தாளைக் காசின் மேல் போட்டு மிருதுவான பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்ப்பது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் செய்ததுதான். ஒளியில் தப்பியது சில சமயம் தாளில் வரும்.

எங்கே தேட வேண்டும் என்பதும் முக்கியம். முகத்தின் கன்னமும் காதுக்கு மேலுள்ள முடியும் முதலில் தேயும். விளிம்பை ஒட்டிய எழுத்துகளின் கால்கள், கிரீடத்தின் அடிப்பகுதி, விளிம்பின் நிழலில் ஒதுங்கிய ஆண்டு ஆகியவை கடைசியில் தேயும். ஆகவே நடுவைப் பார்த்து ஏங்காதீர்கள், ஓரத்தைச் சுற்றுங்கள்.

ஆறாம் படி: பெயர் சொல்லாமல் வரையுங்கள்

ஒரு தாளில் உள்ளங்கை அளவுக்கு இரண்டு வட்டம் போடுங்கள். கடிகார முகம் போல 12 மணி, 3 மணி என்று குறித்துக்கொண்டு, தெரிந்ததை அது இருக்கும் இடத்தில் வரையுங்கள். "கிரீடம்" என்று எழுதாதீர்கள். "12 மணியில் மூன்று மேடு, கீழே ஒரு படுக்கைக் கோடு" என்று எழுதுங்கள். "சிங்கம்" வேண்டாம், "வளைந்த உடல், மேலே தூக்கிய ஒரு கால், எஸ் வடிவ வால்" என்று எழுதுங்கள். பெயர் வைத்த கணமே நாம் தேடுவதை நிறுத்திவிடுகிறோம். நான் இதயம் என்று பெயர் வைத்துத்தான் இரண்டு வாரம் இழந்தேன்.

மறுபடி உட்கார்ந்து வரைந்தபோது வந்தது இது. ஒரு பக்கம்: நடுவில் பெரிய 'வி'. அதன் இடது கையின் மேல் ஒரு வட்டம் குறுக்கே ஏறியிருக்கிறது. வலது கையின் மேல் ஏதோ வளைவு, பாதி போய்விட்டது. 'வி'-க்கு மேலே, 12 மணியில், மூன்று பல் உள்ள சின்னக் கட்டி. கீழே, 6 மணியில், இலக்கங்கள் போல ஏதோ. மறுபக்கம்: மேலே மேடுகள், கீழே கேடயம். கேடயத்தின் மேல்பாதியில் விலங்கின் உடல். கீழ்ப்பாதியில் நெளிநெளியாக இரண்டு மூன்று கோடு.

ஏழாம் படி: சின்னங்களின் மொழி

ஐரோப்பிய அரசுகள் எழுத்தறியாத மக்களுக்கும் சேர்த்துத்தான் காசு அடித்தன. அதனால் சின்னம் பெரியது, எழுத்து சிறியது. இதை நம் பக்கம் சாதகமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

அல்லிப் பூவைப் போன்ற மூவிதழ் சின்னம், அதுவும் மூன்றாக வந்தால், பெரும்பாலும் பிரெஞ்சு அரச குடும்பம். சிலுவையின் நான்கு மூலைகளில் கோட்டையும் சிங்கமும் மாறி மாறி வந்தால் ஸ்பெயின். கோட்டை காஸ்டீல், சிங்கம் லியோன், ஸ்பெயினாக இணைந்த இரண்டு அரசுகள். ஐந்து குட்டிக் கேடயங்கள் சிலுவை போல அடுக்கியிருந்தால் போர்ச்சுகல். மூன்று கிரீடம் ஸ்வீடன். குறுக்கிட்ட இரண்டு அம்புகள் ஸ்வீடனின் தாலர்னா பகுதி, செம்பு விளைந்த மண். குறுக்கிட்ட சாவிகள் போப்பின் அரசு. சிறகுள்ள சிங்கம் வெனிஸ். யாழ் அயர்லாந்து. கிரீடத்தின் கீழ் பின்னிப் பிணைந்த எழுத்துகள் மட்டும் இருந்தால் டென்மார்க், ஸ்வீடன், ரஷ்யா மூன்றையும் வரிசையாகப் பாருங்கள்.

இரட்டைத் தலைக் கழுகு மட்டும் தொல்லை. ஆஸ்திரியாவுக்கும் உண்டு, ரஷ்யாவுக்கும் உண்டு, பல ஜெர்மன் நகரங்களுக்கும் உண்டு. மார்பிலுள்ள குட்டிக் கேடயத்தைப் பாருங்கள். குதிரை வீரன் ஈட்டியால் குத்துவது போன்ற நிழல் இருந்தால் ரஷ்யா. குறுக்கே ஒரு பட்டை மட்டும் இருந்தால் ஆஸ்திரியா.

உட்கார்ந்த பெண் என்றதும் பிரிட்டானியா என்று முடிவு செய்யலாம், பல நேரம் சரியாகவும் இருக்கும். அதில் ஒரு நல்ல துப்பு உண்டு: 1672-இல் தொடங்கிய பிரிட்டானியா கையில் ஈட்டி வைத்திருந்தாள், 1797-இல்தான் திரிசூலம் வந்தது. உருவம் முழுக்கத் தேய்ந்தாலும் சாய்ந்த அந்தத் தண்டின் முனை விளிம்போரம் மிஞ்சும். ஒற்றை முனையா, மூன்றா என்று பார்த்தால் காசின் நூற்றாண்டே தெரிந்துவிடும். மன்னர் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதும் பிரிட்டனில் உதவும்: மூன்றாம் ஜார்ஜ் வலம், நான்காம் ஜார்ஜ் இடம், நான்காம் வில்லியம் வலம், விக்டோரியா இடம், ஏழாம் எட்வர்ட் வலம் என்று மாறி மாறி வரும்.

இப்போது அத்தையின் காசுக்கு வருகிறேன். 'வி'-யின் ஒரு கையில் 'ஓ', இன்னொரு கையில் 'சி' ஏறியிருப்பது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை. 1602-இல் தொடங்கி 1799-இன் கடைசி நாளோடு கலைந்த கம்பெனி. தன் ஆசியப் பகுதிகளுக்காக நெதர்லாந்திலேயே 1726 முதல் டொய்ட் என்ற செப்புக்காசை அடித்து அனுப்பியது, 21 மி.மீ. சுற்றில், ஏறத்தாழ 3 கிராம். அதை அடித்தவை நெதர்லாந்தின் தனித்தனி மாகாணங்கள், அவரவர் கேடயத்தோடு. முழுச் சிங்கம் மட்டும் இருந்தால் ஹாலந்து. இரண்டு சிங்கங்கள் எதிரெதிராக நின்றால் கெல்டர்லாந்து. ஒன்றன் மேல் ஒன்றாக நடந்தால் மேற்கு ஃபிரீஸ்லாந்து. பாதிச் சிங்கம் அலைகளிலிருந்து எழுந்தால் சீலாந்து. என் கேடயத்தின் நெளிகோடுகள் அலைகள்! சீலாந்து கடலோடு மல்லுக்கட்டி வாழும் தீவு மாகாணம். "போராடி மேலெழுகிறேன்" என்பது அதன் வாசகம். முத்திரைக்கு மேலிருந்த மூன்று பல் கட்டி, சீலாந்தின் தலைநகர் மிடில்பர்க் அக்கசாலையின் கோட்டை அடையாளம். ஒன்றையொன்று தாங்கும் மூன்று சாட்சிகள் கிடைத்துவிட்டன, ஒரு சொல்லைக்கூட முழுதாகப் படிக்காமல்.

அத்தை சொன்ன சொல்லிலேயே விடை இருந்தது என்பது பிறகுதான் உறைத்தது. டச்சுக்காரரின் டொய்ட்தான் நம் வாயில் 'துட்டு' ஆனது. நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை அவர்கள் கையில் இருந்த ஊர்.

நம் கரையில் கிடைக்கும் காசுகளுக்கு ஒரு தனிக் குறிப்பு

தமிழகக் கரையிலும் இலங்கையிலும் கிடைத்த காசு என்றால், ஐரோப்பாவில் அடித்தது மட்டுமல்ல, ஐரோப்பியர் இங்கேயே அடித்ததும் வரும். அவற்றில் தமிழ் எழுத்தும் இருக்கும். ஒரு பக்கம் அல்லி, மறுபக்கம் 'புதுச்சேரி' என்று தமிழில் இருந்தால் பிரெஞ்சுக்காரரின் டூடூ என்ற செப்புக்காசு. தடித்த, ஓரம் ஒழுங்கற்ற சின்னக் காசில் 'நாகப்பட்டணம்' என்ற எழுத்துத் துண்டு தெரிந்தால் டச்சுக்காரர் அங்கேயே அடித்தது. கிரீடமிட்ட எழுத்துப் பின்னலும் மறுபக்கம் எண்ணும் இருந்தால் தரங்கம்பாடியின் டேனிஷ் காசு. டென்மார்க் அந்த ஊரை 1620 முதல் 1845 வரை வைத்திருந்தது. இலங்கையில் தடித்த செப்புத் துண்டில் டச்சு முத்திரைக்கு மேல் 'சி' இருந்தால் கொழும்பு.

இங்கே நான் கற்றது, எழுத்தைத் தலைகீழாகவும் பார்க்க வேண்டும் என்பது. தமிழ் எழுத்துத் துண்டு ஐரோப்பிய எழுத்து மாதிரியும், ஐரோப்பிய எழுத்து தமிழ் மாதிரியும் தெரியும். 'ப'வின் பெட்டி பாதி தேய்ந்தால் ரோமன் 'எல்'தான்.

எட்டாம் படி: எழுத்துத் துண்டுகள்

இப்போது எழுத்துக்குப் போகலாம். ஐரோப்பியக் காசுகளில் ஓரத்து வாசகம் பெரும்பாலும் லத்தீன், அதுவும் சுருக்கமாக. 'யு' இருக்க வேண்டிய இடத்தில் 'வி', 'ஜே' இருக்க வேண்டிய இடத்தில் 'ஐ' வரும். வாசகம் வழக்கமாக மன்னன் பெயர், 'டி.ஜி.' (கடவுளின் அருளால்), நாடுகளின் பட்டியல், 'ரெக்ஸ்' (மன்னன்) என்ற வரிசையில் ஓடும். எனவே 'டி.ஜி.' கிடைத்தால் அதற்கு முன்னால் பெயர், பின்னால் நாடு என்று இடத்தை வைத்தே தேடலாம்.

நாட்டுத் துண்டுகளில் சில தங்கமானவை. 'என்-ஏ-வி' என்ற மூன்று எழுத்து தெரிந்தால் நவார், பிரான்ஸ் மன்னன் தன் பட்டத்தில் சேர்த்துக்கொண்ட சிறு அரசு, ஆகவே காசு பிரான்ஸ். 'எச்-ஐ-எஸ்-பி' என்றால் ஸ்பெயின். 'எச்-ஐ-பி' மட்டும் என்றால் அயர்லாந்து, அதாவது பிரிட்டிஷ் மன்னன். அவசரத்தில் இந்த இரண்டும் ஒன்றாகத் தெரியும். 'ஏ-எல்-ஜி' என்றால் அல்கார்வ், போர்ச்சுகல் மன்னரின் பட்டத்தில் வரும் பகுதி. 'எச்-ஐ-ஈ-ஆர்' என்றால் ஜெருசலேம். ஆனால் காசு ஜெருசலேமுடையது அல்ல, அந்தப் பட்டத்தைச் சூடிக்கொண்ட நேப்பிள்ஸ் மன்னர்களுடையதாக இருக்கும். இன்னொன்று: பிரிட்டிஷ் மன்னர்கள் 1801 வரை பிரான்சின் மன்னர் என்றும் தங்களைப் போட்டுக்கொண்டார்கள். 'எஃப்-ஆர்' கண்டதும் பிரான்ஸ் என்று ஓடாதீர்கள்.

நடுவில் மன்னன் முகம் இல்லாமல் மூன்று வரியாகச் சொல் நிரம்பியிருந்தால் டச்சு மாகாணங்களின் உள்நாட்டு டொய்ட்டைப் பாருங்கள். மாகாணப் பெயரை உடைத்து உடைத்து அடுக்கியிருப்பார்கள்.

ஒன்பதாம் படி: ஆண்டு

தெரிந்த இலக்கத்தை மட்டும் எழுதுங்கள், தெரியாததற்குக் கேள்விக்குறி. 3, 5, 8 மூன்றும் தேய்ந்தால் ஒன்று போலிருக்கும். தலைப்பகுதி தட்டையா வளைவா என்று மட்டும் பார்த்துப் பாதியை ஒதுக்கலாம். பிறகு அந்த வகைக் காசு எந்த ஆண்டுகளில் அடிக்கப்பட்டது என்று பட்டியலில் பார்த்து மீதியை ஒதுக்குங்கள். என் காசில் 1, 7 இரண்டும் தெளிவு, மூன்றாவது தட்டைத் தலையும் வளைந்த வயிறுமாக 5. நான்காவது இல்லவே இல்லை. 175? என்று எழுதினேன். பத்து வருடத்துக்குள் நிறுத்த முடிந்ததே பெரிய காரியம்.

பிரெஞ்சுக் காசில் நாலு இலக்கம் இல்லாமல் 'ஏ-என்' என்ற எழுத்தும் ஓர் எண்ணும் மட்டும் இருந்தால் அது புரட்சிக்காலக் கணக்கு.

பத்தாம் படி: ஒப்பிடுங்கள், மறுக்கப் பாருங்கள்

நுமிஸ்டா என்ற இணையப் பட்டியலில் நாடு, விட்டம், எடை, உலோகம், ஆண்டு ஆகியவற்றைப் போட்டு வடிகட்டலாம். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவில் நேரில் பார்ப்பதும் கண்ணைப் பழக்கும். நல்ல நிலையிலுள்ள காசின் படம் கிடைத்ததும், "எவ்வளவு ஒத்துப்போகிறது" என்று பார்க்காதீர்கள். "எது ஒத்துப்போகவில்லை" என்று தேடுங்கள். உங்கள் வரைபடத்தில் 12 மணியில் இருக்கும் ஒரு மேடு, பட்டியல் படத்தில் இல்லையென்றால் அது உங்கள் காசு அல்ல. தேய்மானம் இருப்பதை அழிக்கும், இல்லாததைச் சேர்க்காது.

விற்பவர் ஒட்டிய பெயரையும் நம்ப வேண்டாம். டச்சுக் கம்பெனி டொய்ட்டையே 'நியூயார்க் பென்னி' என்று பெயரிட்டு விற்கிறார்கள். நியூயார்க் டச்சுக்காரர் கையை விட்டுப் போனது 1664-இல். இந்த டொய்ட் தொடங்கியது 1726-இல்.

நாணயமே இல்லாதவையும் வரும். மெல்லிய பித்தளை, 22 முதல் 25 மி.மீ., ஒரு பக்கம் மூன்று வளைவுக்குள் சிலுவை வைத்த உருண்டை, மறுபக்கம் நடுப்பூவைச் சுற்றி மூன்று கிரீடமும் மூன்று அல்லியும் என்றால், அது ஜெர்மனியின் நியூரம்பர்க்கில் செய்த கணக்கு வில்லை. கட்டம் போட்ட பலகையில் வைத்துக் கூட்டல் கழித்தல் செய்வதற்கு. ஹான்ஸ் கிரௌவிங்கல் என்பவர் பெயர் பலவற்றில் இருக்கும். "கடவுளின் ஆசி செல்வம் தரும்" போன்ற ஜெர்மன் வாசகங்களும் உண்டு. லத்தீனாக நினைத்துப் படித்தால் ஒன்றும் புரியாது. பின்பக்க நடுவில் காம்பு உடைந்த தழும்பு இருந்தால் பித்தான். 12 மணியில் ஓட்டை இருந்தால் காசாகவே இருக்கலாம். தாயத்தாகவோ காசுமாலையிலோ கோத்திருப்பார்கள்.

மண்ணில் கிடைத்த காசு என்றால்

இந்தியாவில் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் மறைந்து கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாக இருந்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறாண்டு கடந்த காசை அனுமதியில்லாமல் வெளிநாடு அனுப்பக் கூடாது என்கிறது 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம். இலங்கையில் 1940-இன் தொல்பொருள் சட்டம் உண்டு. சட்டத்தை விடவும் முக்கியமாக, எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில், வேறு எதோடு கிடைத்தது என்று அன்றைக்கே எழுதி வையுங்கள். இடம் தொலைந்த காசு பாதிக் காசுதான்.

கடைசியாக, சீட்டு

பி.வி.சி. உறை வேண்டாம், அதிலிருந்து வரும் பிசுக்கு செம்பைப் பச்சையாக்கும். அமிலமற்ற தாள் உறை நல்லது. காசோடு ஒரு சீட்டு இருக்க வேண்டும். அளந்தது, பார்த்தது, முடிவு செய்தது மூன்றையும் தனித்தனி வரியில் எழுதுங்கள். நாளைக்கு வேறொருவர் உங்கள் முடிவை மாற்ற நேர்ந்தாலும் முதல் இரண்டு வரிகள் அவருக்கு உதவும்.

என் சீட்டில் இருப்பது இது: "செம்பு. 21.3 மி.மீ., 2.61 கிராம். வெறும் விளிம்பு. ஒரு பக்கம் வி-ஓ-சி பின்னல், மேலே கோட்டை, கீழே 175?. மறுபக்கம் கிரீடம், கேடயம், அலைமேல் சிங்கம். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, சீலாந்து டொய்ட். நாகப்பட்டினம், அத்தையின் வெற்றிலைப் பெட்டி." அத்தையிடம் படித்துக் காட்டினேன். "துட்டுன்னுதானே நானும் சொன்னேன்" என்றார். காசையும் சீட்டையும் வாங்கி, பெட்டியில் பழைய இடத்திலேயே வைத்துக்கொண்டார்.